எந்த வயதுக்கு என்ன சொல்வது?

புதுச்சேரியின் மேற்கே வழுதாவூர் சாலையில், கதிர்காமத்தில், இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி 2010 முதல் இயங்குகிறது. சிறிது தொலைவில் கோரிமேட்டில் ஜிப்மர். அதற்குப் பக்கத்திலேயே இந்திரா நகரில், கொசுவையும் அது பரப்பும் நோய்களையும் ஆராய்வதற்காக 1975இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் ஆய்வு மையம். ஆட்டோவில் ஒரு சுற்று வந்தால் முடிந்துவிடும் இந்த வட்டாரத்தில் உள்ள மருத்துவப் படிப்பும் படுக்கை வசதியும் இந்தியாவின் பல மாவட்டத் தலைநகரங்களுக்குக் கிடைக்காதவை. உப்பைக் குறை, தினம் நட, புகைக்காதே என்ற சொற்கள் காதில் விழாமல் இங்கே ஒருவர் வளர்ந்துவிட முடியாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் இண்டியாப் ஆய்வு 2023இல் வெளிவந்தபோது, 20 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் 11.4 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருப்பதாகச் சொன்னது. புதுச்சேரிக்கு அது தந்த எண் 26.3 சதவீதம். நாட்டிலேயே இதைவிடக் கூடுதலான ஒரே இடம் கோவா, 26.4. மாநில மதிப்பீடுகளில் பிழை வரம்பு உண்டு, ஊருக்கு ஊர் வயதுக் கலவையும் மாறும் என்பதையெல்லாம் கழித்துக்கொண்டாலும், நான்கில் ஒருவர் என்ற அளவைத் தள்ளிவிட முடியாது.

அறிவுரைக்குப் பஞ்சமில்லாத ஊரில் நோய்க்கும் பஞ்சமில்லை. சொல்லப்படுவது தவறா, சொல்லப்படும் வயது தவறா, அல்லது சொல்வதால் ஆகக்கூடியதே இவ்வளவுதானா? குழந்தைக்கு ஒன்று, குமரிக்கு ஒன்று, கிழவருக்கு ஒன்று என்று வயது பார்த்து நலவுரை சொல்லும் பழக்கம் மிகப் பழையது. அந்தப் பழக்கம் எங்கெல்லாம் தாக்குப்பிடிக்கிறது, எங்கெல்லாம் சறுக்குகிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

பருவம் பிரித்த மரபுகள்

வயதைக் கூறுபோடுவது தமிழில் மருத்துவர்களின் தனிச்சொத்தாக இருந்ததில்லை. பிள்ளைத்தமிழ் குழந்தைப் பருவத்தைக் காப்பு முதலாகப் பத்தாகப் பிரிக்கிறது. ஐந்தாம் மாதத்தில் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, ஒன்பதாம் மாதத்தில் கை கொட்டும் சப்பாணி என்று போகும் அந்த வரிசை, இன்றைய குழந்தை மருத்துவரின் வளர்ச்சி அட்டவணைக்கு வியப்பூட்டும் அளவு அருகில் இருக்கிறது. பெண்ணுக்குப் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவங்கள். பாட்டியல் நூல்களுக்குள் வயதுக் கணக்கு வேறுபட்டாலும், பேதை 5 வயதில் தொடங்கிப் பேரிளம்பெண் 40 வயதில் முடிவதே பரவலாக அறியப்பட்ட கணக்கு. ஆணுக்கும் பாலன், மீளி, மறவோன், திறலோன், காளை, விடலை என்று பிரிவுகள் உண்டு. 30 தாண்டினால் பன்னிரு பாட்டியல் கணக்கில் அவன் முதுமகன்.

பாட்டுடைத் தலைவனையும் தலைவியையும் பாடுவதற்காக வகுத்த இலக்கண வசதிகளுக்கு மருத்துவ அட்டவணையின் பொறுப்பைச் சுமத்துவது நியாயமல்ல. ஆனாலும் ஒரு சமூகம் எந்த வயதை உற்றுப் பார்த்தது, எதைப் பார்க்காமல் கடந்தது என்பது அவற்றில் தெரிகிறது. குழந்தையின் முதல் இரண்டு ஆண்டுகள் ஏறக்குறைய மாதவாரியாக எண்ணப்பட்டன. பெண்ணின் வயது 40க்கு மேல் எண்ணப்படவே இல்லை. மாதவிடாய் நிற்பதும், எலும்பு தேய்வதும், ரத்த அழுத்தம் ஏறுவதும் அந்த எல்லைக்கு அப்பால் நடப்பவை.

மருத்துவத்தில் பருவப் பிரிவு இன்னும் கறாரானது. சித்த மருத்துவப் பாடத்தில் ஆயுளை மூன்றாகப் பகுத்து, முதற்பகுதியை வாதத்துக்கும் நடுப்பகுதியைப் பித்தத்துக்கும் கடைசிப் பகுதியைக் கபத்துக்கும் கொடுப்பார்கள். ஆயுர்வேதம் இதை அப்படியே புரட்டிப் போடுகிறது. அங்கே குழந்தைப் பருவம் கபம், முதுமை வாதம். நடுவயதில் மட்டும் இரண்டும் பித்தத்தில் ஒன்றுபடுகின்றன. ஒரே நாட்டில், ஒரே மாதிரி முதியவர்களைப் பல நூற்றாண்டுகளாகப் பார்த்த இரண்டு மரபுகள் நேரெதிர் முடிவுக்கு வந்திருக்கின்றன. இரண்டில் எது சரி என்று தீர்ப்பதற்கான சோதனையை இரண்டுமே முன்வைக்கவில்லை என்பதுதான் இந்த நிலைப்பாட்டின் முதல் பலவீனம்.

அதோடு முடித்துவிடவும் கூடாது. கோட்பாட்டில் எதிரெதிராக நிற்கும் இரண்டும் நடைமுறையில் பல இடங்களில் நெருங்கி வருகின்றன. முதியவருக்குச் சூடான, எளிதில் செரிக்கும் உணவு, இரவில் குறைந்த அளவு, உடம்பு தாங்கும் அளவுக்கு நடமாட்டம் என்பவற்றை இரண்டு தரப்பிலும் கேட்கலாம். கோட்பாடு பிந்தி வந்த விளக்கமாகவும், அறிவுரை முந்தி வந்த அனுபவமாகவும் இருந்திருக்க வாய்ப்புண்டு. அப்படியானால் இந்த மரபுகளை மொத்தமாக ஏற்பதோ மறுப்பதோ பயன் தராது. ஒவ்வோர் அறிவுரையாக எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். அந்தச் சலிப்பான வேலையைச் செய்ய இரு தரப்பிலும் ஆள் குறைவு.

வயதைக் கேட்காத மரபு

இதற்குப் பக்கத்திலேயே, வயதைப் பொருட்படுத்தாத இன்னொரு மரபும் ஓடி வருகிறது. திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் உள்ள பத்துக் குறள்களில் பாதிக்கு மேல் உணவின் அளவைப் பற்றியவை. முன் உண்டது செரித்ததா, பசி எடுத்ததா, உண்பது உடலுக்கு ஒத்துப்போகிறதா என்பவையே அங்கே கேட்கப்படும் கேள்விகள். உண்பவருக்கு என்ன வயது என்று வள்ளுவர் விசாரிப்பதில்லை. மருத்துவரிடம் வரும்போதுதான் நோயாளியின் அளவு, நோயின் அளவு, காலம் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்கிறார்.

தேரையர் பெயரில் வழங்கும் நோய் அணுகா விதியும் ஏறக்குறைய இதே வகை. 4 நாளுக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கு, 4 மாதத்துக்கு ஒருமுறை பேதி மருந்து, 6 மாதத்துக்கு ஒருமுறை வாந்தி மருந்து, ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை நசியம் என்று அது நாட்காட்டி போட்டுத் தருகிறது. யுனானி மரபு காற்று, உணவும் நீரும், அசைவும் ஓய்வும், உறக்கமும் விழிப்பும், தேக்கமும் கழிவும், மனநிலை என்று ஆறு தேவைகளைச் சொல்கிறது. அவற்றின் அளவு ஆளுக்கு ஆள் மாறலாம், தேவைகள் ஆறும் எல்லோருக்கும் உரியவை.

இந்த நிலைப்பாட்டின் கவர்ச்சி வெளிப்படை. அது மனிதரைத் தன் உடலைக் கவனிக்கச் சொல்கிறது, கடையில் எதையும் வாங்கச் சொல்வதில்லை. இன்றைய உணவியல் பரிந்துரைகளில் பெரும்பகுதியும், அலங்காரத்தைக் கழற்றிவிட்டால், அளவறிந்து உண் என்பதாகவே நிற்கும்.

ஆனால் இது உடல் தரும் சமிக்ஞைகள் நேர்மையானவை என்று நம்புகிறது. புதுச்சேரியின் முக்கால்வாசிக் கவலையான சர்க்கரையும் பிரஷரும் அந்த நம்பிக்கையைப் பொய்யாக்கும் நோய்கள். ஆண்டுக்கணக்கில் வலியும் இல்லை, அடையாளமும் இல்லை. பசித்தபோது அளவாகச் சாப்பிட்டு, நன்றாகச் செரித்து, நிம்மதியாகத் தூங்கும் ஒருவருக்கும் வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை 140 இருக்கலாம். விரும்பிய மாதத்தில் பேதி மருந்து குடித்துவிட்டு ஒரு நாள் படுத்திருக்க வசதியுள்ளவருக்கே தேரையர் நாட்காட்டி பொருந்தும் என்பதும் ஒரு சிறு கணக்கு. தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை செய்பவர் அந்த விடுப்பை எந்தக் கணக்கில் எழுதுவார்?

தொட்டிலைச் சுற்றிய தகராறு

வயது பார்த்துச் சொல்லும் அறிவுரைக்கு மிக வலுவான சான்று இருப்பது வாழ்வின் முதல் ஆண்டில். மிகக் கூர்மையான மோதலும் அங்கேதான்.

பிறந்த குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைக்கும் சேனை, வசம்பு, கடுக்காய், மாசிக்காய், சாதிக்காய் இழைத்துக் கொடுக்கும் உரை மருந்து, காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் முறை, சாம்பிராணிப் புகை ஆகிய எல்லாவற்றையும் ஒரே கட்டாகப் பாட்டி வைத்தியம் என்று போற்றுவோரும் உண்டு, ஒரே கட்டாகத் தூக்கி எறியச் சொல்வோரும் உண்டு. சான்றுகள் இந்தக் கட்டை அவிழ்த்துவிடுகின்றன. தேன் விஷயத்தில் குழப்பமில்லை: ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் பாட்டுலிசம் கிருமியின் வித்துகள் வளர்ந்து நஞ்சை உண்டாக்கலாம், அதே தேன் இரண்டு வயதுக் குழந்தையை ஒன்றும் செய்யாது. மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவது நுரையீரல் அழற்சியைக் கொண்டுவரக்கூடும் என்று தென்னிந்தியக் குழந்தை மருத்துவர்கள் நெடுநாளாக எச்சரிக்கிறார்கள். உடம்பில் எண்ணெய் தேய்ப்பது வேறு கதை. வங்கதேசத்தில் குறைமாதக் குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் தடவிப் பார்த்த ஆய்வு, மருத்துவமனைத் தொற்றுகள் குறைந்ததாக 2005இல் சொன்னது. பாட்டியின் ஒரு கை சரியாகவும் மறு கை தவறாகவும் இருந்திருக்கிறது.

நவீன மருத்துவத்தின் கையும் எப்போதும் சரியாக இருந்ததில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மேலை நாடுகளில் குழந்தையைக் குப்புறப் படுக்கவைக்கச் சொன்னவர்கள் புகழ்பெற்ற மருத்துவர்கள். அது திடீர் மரணத்தின் வாய்ப்பைக் கூட்டுகிறது என்று தெரிந்து, மல்லாக்கப் படுக்கவைக்கும் இயக்கம் அமெரிக்காவில் தொடங்கியது 1994இல். தாய்ப்பால் மட்டும் எத்தனை மாதம் என்பதில் 4 முதல் 6 என்றிருந்ததை, 6 மாதம் என்று உலக சுகாதார நிறுவனம் மாற்றியது 2001இல். ஒவ்வாமைக்குப் பயந்து வேர்க்கடலையைத் தள்ளிப்போடச் சொன்ன ஆலோசனை, 2015இல் வந்த ஓர் ஆய்வால் தலைகீழானது: ஆபத்துள்ள குழந்தைகளுக்கு முதல் ஆண்டிலேயே அதைப் பக்குவமாக்கிக் கொடுத்தவர்களிடம் ஒவ்வாமை பெருமளவு குறைந்தது.

தேன் பிழையைக் காட்டிப் பாட்டியைச் சாடுவோரும், குப்புறப் படுக்கவைத்த பிழையைக் காட்டி மருத்துவரைச் சாடுவோரும் ஒரு வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. இரண்டாவது பிழை எண்ணப்பட்டது. எண்ணப்பட்டதால் திருத்தப்பட்டது. உரை மருந்தில் எந்தச் சரக்கு, எந்த அளவில், எந்த மாதத்தில் தீங்கு என்று தமிழ்நாட்டிலோ புதுச்சேரியிலோ இன்னும் பெரிய அளவில் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில் நடக்கும் ஊரில் இந்தக் கணக்கெடுப்புக்கு வழி இல்லாமல் போகாது.

கருவிலேயே எழுதப்படும் கணக்கு

1980களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் டேவிட் பார்க்கர் பழைய பிறப்புப் பதிவேடுகளைப் புரட்டி, குறைந்த எடையில் பிறந்தவர்கள் நடுவயதில் இதயநோயால் கூடுதலாக இறப்பதைக் காட்டினார். கருவில் உணவு குறைந்தால் உடல் சிக்கனத்துக்குப் பழகிக்கொள்கிறது, பின்னால் உணவு பெருகும்போது அந்தப் பழக்கமே பகையாகிறது என்பது அவர் தந்த விளக்கத்தின் சாரம். நலவுரை தனித்தனிப் பருவங்களுக்கு அல்ல, பருவங்களைக் கோக்கும் சரடுக்குச் சொல்லப்பட வேண்டும் என்ற வாழ்க்கைப்பாதைப் பார்வை 1990களில் இதிலிருந்து வளர்ந்தது.

இந்தியாவில் இந்தக் கருத்துக்கு வேறொரு கனம் கிடைத்தது. புனேயில் மருத்துவ ஆய்வாளர் யாஜ்னிக்கின் குழு பிறந்த குழந்தைகளை அளந்தது. அங்கே சராசரி எடை சுமார் 2.7 கிலோ, ஒப்பிட்ட ஆங்கிலக் குழந்தைகளுக்கு 3.5. எடையில் இவ்வளவு குறைந்தும், இந்தியக் குழந்தையின் தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. மெலிந்த தோற்றத்துக்குள் கொழுப்பு என்ற இந்த உடலமைப்புதான் ஒல்லியாக இருக்கும் தமிழர்களுக்கும் சர்க்கரை வருவதை விளக்க உதவுகிறது. டெல்லியில் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனிக்கப்பட்ட 1,492 பேரை 26 முதல் 32 வயதுக்குள் சோதித்தபோது, 4.4 சதவீதத்தினருக்கு நீரிழிவும் 10.8 சதவீதத்தினருக்கு அதன் முந்தைய நிலையும் இருந்தன. இப்படி ஆனவர்களில் பெரும்பாலோர் இரண்டு வயது வரை மெலிந்தவர்கள், அதற்குப்பின் தங்கள் வயதொத்தவர்களைவிட வேகமாகச் சதைபோட்டவர்கள். 2004இல் வெளியான முடிவு இது.

இந்தப் பார்வைக்கு எதிரான வாதங்களும் வலுவானவை. வறுமையில் பிறந்தவர் பெரும்பாலும் வறுமையிலேயே வளர்கிறார், எனவே கருவின் பங்கைப் பிற்கால வறுமையின் பங்கிலிருந்து பிரிப்பது கடினம். கர்ப்பிணிகளுக்குக் கூடுதல் சத்து கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், பிள்ளைகளின் பிற்கால நோய் தெளிவாகக் குறைந்ததாக இதுவரை காட்டுவது எளிதாக இருக்கவில்லை. மூன்றாவது கவலை சமூகம் சார்ந்தது. எல்லாம் கருவிலேயே முடிவாகிறது என்ற பேச்சு, பாவத்தைத் தாயின் தலையில் கட்டுவதில் போய் முடியலாம். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாயா என்று மருமகளைக் கேட்கும் வீடு, அவள் கடைசியாகச் சாப்பிட உட்காரும் வழக்கத்தைக் கேள்வி கேட்பதில்லை. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. பூப்பெய்திய பெண்ணுக்கு உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் கொடுக்கும் வழக்கம் அருமையானது. அந்தக் கவனிப்பு சில வாரங்களில் ஓய்ந்துவிடுவதுதான் அதன் குறை.

சொன்னால் நடக்குமா?

அறிவுரையின் பலன் பற்றிய விவாதத்தில் சென்னைக்கு முக்கியமான இடமுண்டு. ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006இல் வெளியானது. நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்தது. வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேர் நீரிழிவுக்குள் விழுந்தார்கள். உணவு, நடைப்பயிற்சி பற்றித் தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்களில் 39.3 சதவீதம். மெட்ஃபார்மின் மாத்திரையும் ஏறக்குறைய இதே பலனையே தந்தது, இரண்டையும் சேர்த்ததால் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை. 2013இல் அதே குழு செல்போன் குறுஞ்செய்தியாக அறிவுரை அனுப்பிப் பார்த்தது. 35 முதல் 55 வயதுவரை உள்ள வேலைபார்க்கும் ஆண்களில், இரண்டு ஆண்டுகளில், செய்தி பெறாதவர்களில் 27 சதவீதமும் பெற்றவர்களில் 18 சதவீதமும் நீரிழிவாளர் ஆனார்கள்.

அறிவுரை வேலை செய்கிறது என்று இதைப் படிக்கலாம். மூன்றாண்டு விடாமல் வழிகாட்டியும் பத்துக்கு நான்கு பேர் தப்பவில்லை என்றும் படிக்கலாம். இரண்டுமே சரி. கவனிக்க வேண்டியது, பலன் கிடைத்த இடங்களில் எல்லாம் அறிவுரை யாருக்கென்று ரத்தப் பரிசோதனை முதலில் முடிவு செய்திருந்தது, திரும்பத் திரும்பவும் சொல்லப்பட்டது. ஓ.பி. சீட்டின் ஓரத்தில் ஒருமுறை எழுதப்படும் 'டயட், எக்சர்சைஸ்' என்ற இரண்டு சொற்களுக்கு இந்த முடிவுகளைச் சான்றாகக் காட்ட முடியாது. நோயறிகுறி இல்லாதவர்களுக்கான பொதுவான முழு உடல் பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் ஆய்வுகள், 2012இலும் 2019இலும், அவை இறப்பைக் குறைத்ததாகச் சான்று இல்லை என்றே சொல்லின. பொங்கல், அன்னையர் தினம் என்று தள்ளுபடி விலையில் மாஸ்டர் செக்கப் விற்கும் ஆய்வகங்கள் இந்த வரியைத் தங்கள் விளம்பரப் பலகையில் போடுவதில்லை.

வாய்க்காலும் சாராயக்கடையும்

இன்னொரு தரப்பு, தனிமனிதருக்கு அறிவுரை சொல்லும் முயற்சியே தவறான இடத்தில் தொடங்குகிறது என்கிறது. 1985இல் பிரிட்டிஷ் நோய்ப்பரவல் ஆய்வாளர் ஜெஃப்ரி ரோஸ் முன்வைத்த வாதம் இதன் அடித்தளம். அதிக ஆபத்துள்ள சிலரைத் தேடிப்பிடித்துத் திருத்துவதைவிட, மொத்த மக்கள்தொகையின் சராசரியைச் சிறிது நகர்த்தினால் கூடுதல் நோய்கள் தவிரும். 2021இல் சீனக் கிராமங்களில் நடந்த பெரிய ஆய்வு, பொட்டாசியம் கலந்த மாற்று உப்பைக் கொடுத்தபோது பக்கவாதம் 14 சதவீதம் குறைந்ததாகக் காட்டியது. உப்பைக் குறையுங்கள் என்று கெஞ்ச வேண்டியதில்லை, உப்பே மாறிவிட்டது.

புதுச்சேரிக்கு இந்த வாதம் புதிதல்ல. இந்திரா நகர் ஆய்வு மையம் 1980களின் முதற்பாதியில் நகரத்தில் யானைக்கால் நோயைக் கட்டுப்படுத்த ஒருங்கிணைந்த திட்டம் ஒன்றை நடத்தியது. கொசுவலைக்குள் படுங்கள் என்று வீடுவீடாகப் பேசுவதைவிட, நீர் தேங்கும் இடங்களையும் அடைத்துக்கொண்ட வாய்க்கால்களையும் சரிசெய்வதில் அது முனைந்தது. கொசு அடர்த்தியும் தொற்றும் குறைந்ததாக அக்குழு பதிவு செய்தது. கைக்குழந்தைக்கும் கிழவிக்கும் ஒரே வாய்க்கால், அங்கே வயதுவாரி அறிவுரைக்கு வேலையில்லை. இன்னும் பின்னோக்கிப் போனால், பிரெஞ்சு ஆட்சியின்போதே 1930இல் புதுச்சேரிப் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கப்பட்டது. பிள்ளைகள் சத்தாகச் சாப்பிட வேண்டும் என்று பெற்றோருக்குச் சொல்வதற்கும், தட்டில் சோற்றைப் போடுவதற்கும் உள்ள தூரம் பெரியது.

இதே கண்ணாடியை மறுபக்கம் திருப்பினால் சங்கடமான காட்சி தெரியும். சாராயக்கடைக்கும் கள்ளுக்கடைக்கும் அரசே ஏலம் விடும் ஊர் இது. விலை குறைவு என்பதற்காகவே பக்கத்து மாவட்டங்களிலிருந்து குடிக்க வருகிறார்கள், கலால் வரி அரசின் முக்கிய வருவாய். ஒரு துறை குடிக்காதே என்று சுவரில் எழுதுகிறது, இன்னொரு துறை கடைக்கு உரிமம் தருகிறது. எந்த எழுத்துக்குப் பலம் அதிகம் என்பதைப் புரிந்துகொள்ளப் பெரிய ஆய்வு தேவையில்லை.

இந்தத் தரப்பின் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. கொசு எல்லோரையும் கடிக்கும் வரை வாய்க்காலைத் தூர்வார ஊர் ஒத்துழைக்கும். அரிசி எல்லோருக்கும் பிடித்தமானதாக இருக்கும்போது அரிசியைக் குறைக்கும் கொள்கைக்கு ஓட்டு விழாது. ரேஷனில் அரிசியா பணமா என்று ஆண்டுக்கணக்கில் சண்டை நடந்த புதுச்சேரியில், ரேஷனில் கேழ்வரகா பயறா என்ற சண்டை அந்த அளவுக்குச் சூடுபிடித்ததில்லை. சூழலை மாற்றச் சொல்வோர் அந்த மாற்றத்துக்கான அரசியல் எங்கிருந்து வரும் என்பதைப் பெரும்பாலும் சொல்லாமல் விடுகிறார்கள்.

முப்பதுக்கு முன்னால்

இந்திய அரசின் தொற்றாநோய்ப் பரிசோதனை 30 வயதில் தொடங்குகிறது. பன்னிரு பாட்டியல் ஆணை முதுமகன் ஆக்கும் அதே வயது என்பது தற்செயல்தான். அமெரிக்க நீரிழிவுச் சங்கம் அனைவருக்குமான பரிசோதனையை 35இல் வைக்கிறது, உடல் எடையும் பிற ஆபத்துகளும் இருந்தால் முன்பே பார்க்கச் சொல்கிறது. ஆசியர்களுக்கு அந்த எடை வரம்பு பி.எம்.ஐ. 23 என்று தாழ்த்தி வைக்கப்பட்டிருக்கிறது.

தடுப்பூசி அட்டையும் பள்ளி மாணவர் பரிசோதனையும் 18 வயது வரை ஒருவரைப் பின்தொடர்கின்றன. பெண்ணாக இருந்தால் பிரசவம் அவளை மறுபடி மருத்துவமனைக்குக் கொண்டுவருகிறது. கர்ப்பகாலச் சர்க்கரைப் பரிசோதனை அவளுக்குத் தற்செயலாகக் கிடைக்கும் ஒரு வாய்ப்பு. ஆணுக்கு அதுவும் இல்லை. பள்ளி முடித்தபின், 30 வயதில் யாராவது அழைக்கும் வரை, எந்த முறையும் அவனைத் தேடுவதில்லை. சித்தத்தின் மூன்று பகுதிகளில் முதலும் இரண்டாவதும் சந்திக்கும் இடமும் இதுவே. அங்கும் தனியாக எதுவும் சொல்லப்படுவதில்லை. டெல்லி ஆய்வு நோயைக் கண்டுபிடித்தது இந்த வயதின் விளிம்பில்தான். அது ஊறத் தொடங்கியது அதற்கும் முன்னால்.

வயதுவாரி நலவுரையின் பெரிய ஓட்டை இங்கே இருப்பதாக எனக்குப் படுகிறது. வாழ்வின் இரு முனைகளிலும் வயது நல்ல அளவுகோல்: ஏழாவது மாதக் குழந்தைக்கும் எழுபது வயதுக்காரருக்கும் உடல் உறுப்புகளே வேறு மாதிரி இயங்குகின்றன. நடுவே வயது மங்கிப்போகிறது. 24 வயதில் பைக்கில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞனும், அதே வயதில் கணினி முன் உட்கார்ந்திருப்பவனும், அதே வயதில் கட்டட வேலைக்குப் போகும் பெண்ணும் ஒரே அறிவுரைக்குள் அடங்க மாட்டார்கள். இங்கே இடுப்புச் சுற்றளவும், குடும்பத்தில் சர்க்கரை உண்டா என்பதும், இரவு எத்தனை மணிக்குச் சாப்பிட நேரம் கிடைக்கிறது என்பதும் பிறந்த தேதியைவிடக் கூடுதலாகச் சொல்லும்.

குறைத்துக்கொள்ளச் சொல்லும் முதுமை

முதியவருக்கான அறிவுரை நம்மிடம் பெரும்பாலும் கழித்தல் கணக்கு. உப்பைக் குறை, எண்ணெயைக் குறை, அரிசியைக் குறை, படியேறாதே, வெளியே போகாதே. 45 வயது நீரிழிவாளருக்கு எழுதிய சீட்டை 75 வயதுக்காரர் பின்பற்றினால் சர்க்கரை இறங்கலாம், கூடவே தசையும் இறங்கும். விழுந்து இடுப்பெலும்பு முறிவது இந்த வயதில் சர்க்கரையைவிட வேகமாக ஆளைச் சாய்க்கும். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டல் 65 வயதுக்கு மேல் நடையைக் குறைக்கச் சொல்லவில்லை; வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடத்தோடு, கூடுதலாகச் சமநிலையையும் வலுவையும் வளர்க்கும் பயிற்சி வாரம் மூன்று நாளாவது சேர்க்கச் சொல்கிறது.

மருந்திலும் வயது கணக்கைத் திருப்பிப் போடுகிறது. இதயநோய் இல்லாதவர்களும் முன்னெச்சரிக்கையாகத் தினம் சிறு ஆஸ்பிரின் போடலாம் என்ற ஆலோசனை பல ஆண்டுகள் ஓடியது. 2018இல் வந்த பெரிய ஆய்வில் ஆரோக்கியமான முதியவர்களுக்கு அதனால் பயன் தெரியவில்லை, ரத்தக்கசிவு கூடியது. 60 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2022இல் சொல்லிவிட்டது. மறதிநோய் பற்றிய 2024ஆம் ஆண்டின் லான்செட் அறிக்கை, மாற்றக்கூடிய 14 காரணங்களில் காது கேளாமையையும் பார்வைக் குறைவையும் தனிமையையும் சேர்த்திருக்கிறது. தாத்தாவுக்குச் சர்க்கரை மாத்திரை தவறாமல் வாங்கிக் கொடுக்கும் வீடுகளில் காதுக் கருவி எத்தனை பேருக்கு வாங்கப்பட்டது?

தீராதவை

மேலே பார்த்த நிலைப்பாடுகள் ஒன்றை ஒன்று வெட்டி வீழ்த்தவில்லை. பருவம் பார்த்த மரபு தொட்டிலருகிலும் ஊன்றுகோலருகிலும் நிமிர்ந்து நிற்கிறது. அளவு பார்த்த மரபு நடுவயதில் நல்ல துணை, ஆனால் அடையாளம் காட்டாத நோய்களுக்கு முன்னால் அதற்குக் கண் தெரிவதில்லை. கருவிலிருந்து தொடங்கும் விளக்கத்துக்குக் காரணம் சொல்லத் தெரிகிறது, தீர்வு இன்னும் வசப்படவில்லை. சூழலை மாற்று என்பவர்களிடம் யானைக்கால் நோய்க்கு எதிரான நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. சோற்றுக்கும் சாராயத்துக்கும் அதேபோல ஒன்று இன்னும் இல்லை.

உடனடியாக விவாதிக்க வேண்டியது பரிசோதனை வயது. நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை இருக்கும் ஒன்றியப் பிரதேசத்தில், 30 என்ற தேசிய வரம்பைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றத் தேவை இல்லை என்று வாதிடலாம். கதிர்காமத்திலும் கோரிமேட்டிலும் ஆயிரக்கணக்கில் மாணவர்கள் படிக்கிறார்கள், பணிபுரிகிறார்கள். 20 வயதிலிருந்து, எல்லோரையும் அல்லாமல் இடுப்புச் சுற்றளவும் குடும்ப வரலாறும் பார்த்துத் தேர்ந்தெடுத்துச் சோதித்தால் என்ன கிடைக்கும் என்று பத்து ஆண்டு பின்தொடர்ந்து பார்க்க இதைவிட வசதியான இடம் இந்தியாவில் அதிகம் இல்லை.

எதிர்வாதமும் இலேசானதல்ல. நீரிழிவுக்கு முந்தைய நிலை என்று முத்திரை குத்தப்படும் எல்லோரும் நீரிழிவாளர் ஆகிவிடுவதில்லை, பலருக்குச் சர்க்கரை தானாகவே இயல்புக்குத் திரும்புகிறது. 22 வயதுப் பெண்ணின் ரிப்போர்ட்டில் அந்தச் சொல் ஏறினால் அது டாக்டரின் மேசையோடு நிற்காமல் சம்பந்தம் பேசும் கூடத்துக்கும் போகலாம். அதே முடிவு அவள் தம்பியின் ரிப்போர்ட்டில் வந்தால் யாரும் இரண்டாம் முறை படிக்காமல் இருக்கவும் கூடும். பரிசோதனை வயதைத் தாழ்த்துவதால் தடுக்கப்படும் நோய்க்கும், அந்த முத்திரையால் வரும் பாதிப்புக்கும் இடையிலான கணக்கை, ஆண் பெண் இருவருக்கும் தனித்தனியாக, யாராவது போட வேண்டியிருக்கிறது.